குருந்தக்கல்லில் தீட்டிய அரிவாள்

செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றபோது அங்காயிக்கு, போன் போகுமா போகாதா என்பதைவிட, போய்விட்டால் விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். எதைச் சொல்லப்போனாலும் நடுவிலிருந்து ஆரம்பித்துவிடுவாள், இல்லாவிட்டால் வாலிலிருந்து. ஒருமுறை பல்வலி என்று போய், பதற்றத்தில் வலப்பக்கத்தை இடப்பக்கம் என்று சொல்லி, நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவள். இப்போது போவது பல் இல்லை, புருஷன். நாக்பூருக்கு முட்டை ஏற்றிப்போன லாரியின் கூரைமேல் அவள் புருஷன் செங்கோடனின் நிழல் கிடந்தது. அதை எப்படிச் சுருட்ட வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று லாரி ஓட்டுகிற சடையப்பனுக்கு ஒரு சொல் பிசகாமல் சொல்லியாக வேண்டும். பிசகினால் செங்கோடன் இல்லை. அதனால் அவள் முதலிலிருந்து மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். முதலில் கல்லைச் சொல்ல வேண்டும். கல்லைச் சொன்னால்தான் அரிவாள் வரும், அரிவாள் வந்தால்தான் நிழல் வரும்.

வெள்ளக்கல்பாளையத்து மண்ணைக் கொத்தினால் ஒரு முழத்துக்குள் வெள்ளைப் பாறை வந்துவிடும், அந்த வெள்ளைப் பாறைக்குள் தயிர்சாதத்தில் மாதுளை முத்துப் போட்டது மாதிரி அங்கங்கே சிவப்புக் கற்கள் பதிந்திருக்கும்; நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டில் நடந்தால் அவை தாமாகவே வெளியே வந்து கிடக்கும், நடுவில் தடித்து இருமுனையும் சிறுத்து, சின்னப் பீப்பாய் மாதிரி, ஆறு பட்டையோடு, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனத்தோடு, எவ்வளவு வெயில் அடித்தாலும் தொட்டால் சில்லென்று. குருந்தக்கல் என்பார்கள். சின்னப் பெண்கள் அதை வைத்துக் கல்லாங்காய் ஆடுவார்கள்; கண்ணாடி வெட்ட வேண்டியவர்கள் அதன் முனையால் ஒரு கோடு இழுத்துத் தட்டுவார்கள், கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு உடையும்; இரும்பால் அதைக் கீறினால் கீறல் கல்லில் விழாது, இரும்புதான் தேயும். அவ்வப்போது பரமத்தியிலிருந்து ஜெயசீலன் என்கிற ஏஜென்ட் மோட்டார் சைக்கிளில் வருவார். பையில் ஊதா விளக்கு ஒன்று வைத்திருப்பார். கதவைச் சாத்திவிட்டு அந்த விளக்கைக் கல்மேல் காட்டினால், கல் அடுப்பில் ஊதிய கரி மாதிரி உள்ளுக்குள்ளிருந்து கனலும். "கண்ணு தெளிவா, வெடிப்பு இல்லாம இருந்தா இதுதான் மாணிக்கம், மோதரத்துக்குப் போகும். மங்கலா இருந்தா பொடி பண்ணி உப்புத்தாளுக்குப் போகும், சாணைச் சக்கரத்துக்குப் போகும். கல்லு ஒண்ணுதானுங்க, அதது தலையெழுத்து வேற" என்று அவர் சொல்வார், மாணிக்கம் சூரியனுக்கு உரிய கல் என்றும், ஜாதகத்தில் சூரியன் இளைத்தவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்றும் சொல்வார். அங்காயி ஒருநாள் காட்டில் பொறுக்கி எடுத்துவந்த உள்ளங்கையளவுக் கல்லை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, கனல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஆயிரம் வெடிப்பு, உப்புத்தாளுக்குத்தான் ஆகும், வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

சும்மா கிடந்த கல்லில் அவள் அரிவாளைத் தீட்டினாள். இருந்த சாணைக்கல் உடைந்துபோயிருந்தது, ஆட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது கை நழுவி அரிவாள் தரையில் இழுபட்டது, மரத்து நிழலின் ஓரத்தில் ஒரு துண்டு, தலைத்துண்டு அளவுக்கு, தனியாக வந்துவிட்டது. அங்காயி அதை எடுத்தாள். நனைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி குளிர்ச்சியாக இருந்தது, எடை இல்லை, ஓரத்தில் வேப்பிலைப் பல் பல்லாக இருந்தது. அய்யோ, மரத்துக்கு வலித்திருக்குமோ என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நிழலைத் திரும்ப ஒட்டவைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. வீணாக்குவானேன் என்று வெயிலில் கட்டிக் கிடந்த குட்டியாட்டின்மேல் போர்த்தினாள். குட்டி கத்துவதை நிறுத்திவிட்டு அசைபோட்டது.

பக்கத்து வீட்டுப் பெருமாயி வேலிக்கு அந்தப்புறமிருந்து இதைப் பார்த்தாள். பெருமாயிக்குக் கணவன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில், ஊரில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட முடியாது.

"என்னடி அது?"

"நெழலுங்க்கா. கை தவறி அறுத்துட்டேன்."

"உனக்கு எதுலதான் கை தவறல. சரி, எங்கூட்டு மாட்டுக்கொட்டாய்க்கு ரெண்டு மொழம் அறுத்துக் குடு. ஓடு பேந்துபோய்க் கெடக்குது."

இப்படித்தான் ஆரம்பித்தது. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, எனக்கு எப்போது என்றுதான் கேட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள். கூரையில்லாத பஸ் நிறுத்தத்துக்கு நாலு கம்பு நட்டு ஒரு நிழலைக் கட்டினார்கள், டவுன்பஸ் டிரைவர் அங்கே நிறுத்திய வண்டியை எடுக்க மனமில்லாமல் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ரேஷன் கடை வரிசைக்கு நீளமாக ஒன்று வேண்டும் என்றார்கள், அதற்குப் பனைமரத்து நிழல் தோதாக இருந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் வந்து கேட்டபோது தென்னை நிழல் கொடுத்தாள், சீப்பு மாதிரி வரிவரியாக வெயில் விழும், மனிதர்களுக்குக் கண் கூசும், கோழிகள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாளாக நாளாக ஊருக்கு இதன் குணம் பிடிபட்டது. காலையில் அறுத்த நிழல் நீளமாக வரும், ஆனால் மெல்லிசு. உச்சிவெயிலில் அறுத்தது சின்னதாக இருந்தாலும் கம்பளி மாதிரி கெட்டி. சாயங்கால நிழல் பார்க்கத்தான் பெரிசு, இரண்டு நாளில் நூல் நூலாகப் பிரிந்துவிடும். முருங்கை நிழல் தொட்டாலே கிழியும். புளிய நிழலில் படுத்தால் எழுந்ததும் உடம்பு முறித்துப் போட்டது மாதிரி வலிக்கும், அதைப் பங்காளிச் சண்டையில் இருந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வாங்கிப்போய் எதிர்வீட்டு வாசலில் விரித்தார்கள். புங்க நிழல்தான் இருப்பதிலேயே உசத்தி. மேகத்து நிழலை அறுக்க முடியாது, ஓடிவிடும். கட்டட நிழலை அறுக்கலாம், சிமென்ட் வாடை போகாது. நிழலை மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் வெளிச்சக் கோடு விழுந்துவிடும், பாய் மாதிரி சுருட்டத்தான் வேண்டும். பொழுது சாய்வதற்குள் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும், விரித்தபடி விட்டால் இருட்டோடு கலந்துவிடும், விடிந்து பிரியும்போது எது நம்முடையது எது ராத்திரியுடையது என்று கணக்கில்லாமல் போகும். அறுபட்ட மரம் கொஞ்ச நாளைக்கு மொட்டை வெயிலில் நிற்கும், காக்கை உட்காராது. பிறகு வேரிலிருந்து நிழல் துளிர்த்துப் பழையபடி பரவிவிடும். அதுவரை அங்காயி அந்த மரத்தடியில் ஈரச் சாக்கைப் போட்டுவைத்து, "கோவிச்சுக்காதே சாமி" என்று சொல்லிவிட்டு வருவாள்.

மரம் ஒருவர் காட்டில் நின்று நிழல் அடுத்தவர் காட்டில் விழுந்தால் அது யாருக்குச் சொந்தம் என்று பஞ்சாயத்துக்கூட நடந்தது. "நெழலு மரத்துக்குப் பொறந்தது" என்று ஒரு கட்சி. "எங்காட்டுல தெனமும் வந்து படுக்குதே, சோறுபோட்டு வளத்த மாதிரித்தானே" என்று இன்னொரு கட்சி. பஞ்சாயத்துத் தலைவர், காலையில் விழுவது மேற்குக்காட்டுக்காரருக்கு, மாலையில் விழுவது கிழக்குக்காட்டுக்காரருக்கு, உச்சியில் விழுவது மரத்துக்காரருக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எல்லாவற்றிலும் ஒரு ஓரம் பஞ்சாயத்து அலுவலகத்து ஜன்னலுக்கு என்றார். யாரோ ஜெயசீலனிடம் கேட்டதற்கு, "சூரியனோட கல்லுல தீட்டுன அரிவா நெழல அறுக்காம வேற எதை அறுக்கும்? சாயாதேவி ஆரு? சூரியனோட சம்சாரம்தானே. அவங்க குடும்ப விசயம்" என்று சொல்லிவிட்டு, தன் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு ஒரு துண்டு வாங்கிப்போனார்.

அங்காயி மட்டும் சந்தோஷமாக இல்லை. எல்லோரும் கும்பிட்டார்கள். அரிவாளைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாள், கல்லை உப்பு ஜாடிக்குள் வைத்தாள், வைத்ததை ஒரு நாளைக்குப் பலமுறை எடுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, இது பாவமில்லீங்களா?" என்று செங்கோடனிடம் கேட்டாள். ஆடு மேய்க்கிற செங்கோடனுக்கு உலகத்தில் தெரிந்த இரண்டு விஷயங்கள் ஆடும் தூக்கமும். "வெயிலு கொறையுதா? கொறையுது. அப்பறம் என்ன பாவம்? தள்ளு, தூக்கம் வருது" என்றான்.

சடையப்பன் செங்கோடனுக்குச் சித்தப்பா மகன். சித்திரை பிறந்த மறுநாள் உச்சிவேளையில் முட்டை லாரியைத் தார்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "அண்ணி, நாக்பூரு லோடு. அங்க வெயிலு மனுசனை அவிச்சுப்போடும், முட்டைய கேபின்ல வெச்சாலே வெந்துரும். ஒரு நல்ல நெழலாக் குடுங்க, சுருக்கா." பின்னால் நின்ற பஸ் ஆரன் அடித்தது, அதன் பின்னால் ஒரு டிராக்டர் ஆரன் அடித்தது, அங்காயிக்கு ஆரன் சத்தம் கேட்டாலே கை கால் ஓடாது. ரோட்டோரப் புங்கமரம் பக்கத்தில் இருந்தது. ஆரன் அடிக்கிற பக்கமே பார்த்தபடி சுற்றி வந்து ஒரே இழுப்பாக அறுத்தாள், அவளும் சடையப்பனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருட்டினார்கள், கேபின் கூரைமேல் வீசிக் கட்டினார்கள், லாரி போய்விட்டது. புங்கமரத்துக்கு மறுபக்கத்தில், வேருக்கும் வரப்புக்கும் நடுவில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த செங்கோடன் மேல் வெயில் விழுந்தது. "எந்த எருமைடா வெளக்கப் போட்டது?" என்று கத்திக்கொண்டே எழுந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அங்காயியும் சிரித்தாள், அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவன் தெருவில் வந்தபோது, ஒவ்வொரு ஆட்டுக்கும் பக்கத்தில் நீளமாக ஒரு நிழல் நடந்து வந்தது. பெருமாயிதான் முதலில் பார்த்தாள்.

"ஏ அங்காயி, உம்புருசன் நெழலு எங்கடி?"

செங்கோடன் குனிந்து பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், காலைத் தூக்கிச் செருப்புக்கு அடியில் பார்த்தான். "காலையில இருந்துச்சு" என்றான்.

முதலில் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மரத்துக்குத் துளிர்க்கிறது, மனிதனுக்குத் துளிர்க்காதா என்றார்கள். காலில் ஈரச் சாக்கைச் சுற்றி நிற்கவைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், ஒருவர் கொஞ்சம் எருகூடக் கொண்டுவந்தார். துளிர்க்கவில்லை, மனிதனுக்கு வேர் இல்லை. செங்கோடனுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெயில் அடிக்கிறது என்றான், வீட்டுக்குள் கதவைச் சாத்தி உட்கார்ந்தாலும் உச்சிவேளையில் நடுக்காட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றான். அதற்கடுத்து அங்காயி ஒன்றைக் கண்டாள். அவன் வாசலில் நின்றபோது அவன் காது மடல் வழியாகச் சூரியன் சிவப்பாகத் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிவதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் விரல்கள். அவன் கையைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள், எலும்பு தெரியவில்லை, நரம்பு தெரியவில்லை, நல்ல கல்லை ஊதா விளக்கில் காட்டினது மாதிரி உள்ளேயெல்லாம் ஒரே செங்கனல். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது அழகாக இருந்தது, ஜெயசீலன் பார்த்தால் முதல் தரம் என்பார் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் தோள்வரை. நிழல் இல்லாத உடம்பை வெயில் ஊடுருவிக்கொண்டே போகிறது, முழுக்க ஊடுருவிவிட்டால் பகலில் அவன் இருக்கமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதுதான் பெருமாயி வீட்டுச் செல்போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

போன் போய்விட்டது.

"அலோ, சடையப்பா, அண்ணி பேசறேன்."

"சொல்லுங்கண்ணி, டோல்கேட்டுல நிக்கறேன்."

"கேளு சாமி, மொதல்ல கல்லு இருக்குதுல்ல..."

"கல்லா? ஆருக்குங்க, அண்ணனுக்கா? கிட்னியிலயா?"

"இல்லடா, காட்டுல!"

"காட்டுல அண்ணனுக்குக் கல்லா?"

அவ்வளவுதான், அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. கல்லும் அரிவாளும் புங்கமரமும் காது மடலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "அய்யோ விரிக்காதே, மடிக்காதே, நனைக்காதே, ஆரையும் படுக்க உடாதே, பொழுதுக்குள்ள சுருட்டுடா!" என்று வாலிலிருந்து கத்திவிட்டு அழுதாள். பெருமாயி போனைப் பிடுங்கப் பார்த்தாள், இவள் விடவில்லை.

சடையப்பன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணி, நானே கேக்கோணும்னு இருந்தேன். வண்டி நின்னா கேபினுக்கு மேல கொறட்டச் சத்தம் கேக்குதுங்க. இஞ்சின் கோளாறுன்னு மெக்கானிக்கிட்டக்கூடக் காட்டிட்டேன். அவன் கூரைமேல ஏறிப் பாத்துட்டு, சலாம் போட்டு எறங்கிட்டான்."

"அது உங்கண்ணன்டா" என்றாள் அங்காயி. இந்த ஒன்றை மட்டும் அவள் சரியாகச் சொன்னாள், அதுவே போதுமாக இருந்தது.

லாரி எங்கும் நிற்காமல் திரும்பியது. அன்றும் பொழுது சாய்வதற்கு முன்பே சடையப்பன் சுருட்டிக் கட்டி, தன் பக்கத்து சீட்டில் நிமிர்த்திவைத்து, சீட்பெல்ட் போட்டு, வழியெல்லாம் அதனுடன் பேசிக்கொண்டு வந்தானாம். அவன் வந்து சேர்ந்தபோது செங்கோடன் கழுத்துவரை சிவந்துவிட்டிருந்தான். உச்சிவெயிலில் அவனுக்கு இந்தப்பக்கம் நின்றால் அந்தப்பக்கம் மேய்கிற ஆடுகளை எண்ணலாம். முகம் மட்டும் பாக்கி. "எனக்கு ஒண்ணும் வலிக்கல புள்ளே. தூங்கோணும், அவ்வளவுதான்" என்றான்.

நிழலைப் பிரிப்பதை அந்தப் புங்கமரத்தடியில்தான் செய்ய வேண்டும், அதே உச்சிவேளையில்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்காயி உப்பு ஜாடியிலிருந்து கல்லை எடுத்து அரிவாளைத் தீட்டினாள். சடையப்பன் சுருளை விரித்தான். கரும்பச்சையாய்ப் புங்க நிழல் தரையில் பரவியது, அதற்குள் எங்கேயோ ஒரு மனிதன் படுத்திருந்தான், எங்கே என்றுதான் தெரியவில்லை. குறட்டை மட்டும் கேட்டது. வெட்டுவது கொஞ்சம் உள்ளே போனால் செங்கோடனுக்கு ஒரு கை இல்லை, ஒரு காது இல்லை. ஊர் முழுக்கச் சுற்றி நின்று யோசனை சொன்னது.

"மல்லாக்கத்தான் படுத்திருப்பாரு."

"ஆம்பளைக ஒருக்களிச்சுத்தான் படுப்பாங்க."

"ஏப்பா செங்கோடா, நீ எப்படிப் படுத்திருந்தே?"

"தூங்குறவனைக் கேட்டா? முழிச்சிருந்தா நான் எதுக்குப் படுக்கறேன்?"

"வலது முட்டி மேல தூக்கி, இடது கைய மண்டைக்கு அடியில குடுத்து, வாயைத் தொறந்துட்டு" என்றாள் அங்காயி. அவள் மண்டியிட்டு உள்ளங்கையால் நிழலைத் தடவினாள். புங்க நிழல் முழுக்கப் பொத்தல், இலைக்கு இலை நடுவில் புள்ளி புள்ளியாக வெயில் விரலில் சுட்டது. மனிதனுடைய நிழலில் பொத்தல் இருக்காது. தடவிக்கொண்டே போனாள், சுடாத இடம் வந்தது, அது பாதம். அதைப் பிடித்துக்கொண்டே கெண்டைக்கால், தூக்கிய முட்டி, ஒருகாலத்தில் மாடு முட்டி ஒருபக்கம் உள்வாங்கின விலா. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால்தான் தெரிந்தது. இடது கையால் தடவியபடி வலது கையால் அறுத்தாள். தோள்வரை நடுக்கமில்லாமல் வந்தது. தலையில் வந்து நின்றுவிட்டது. அங்கே கிளை அடர்த்தி, இலைமேல் இலை, பொத்தலே இல்லை. தலை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. அரிவாள் நின்றது. உச்சிவெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கிவிட்டது.

"நேரம் போகுதுடி" என்றாள் பெருமாயி.

"வாயை மூடுங்க்கா" என்றாள் அங்காயி. பெருமாயியை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை, அவளும் மூடிக்கொண்டாள்.

ஜாக்கெட் தைக்கிறவர்கள் பின்னால் பிரித்துவிட இருக்கட்டும் என்று உள்ளே துணி விட்டுத் தைப்பார்களே, அது அவள் நினைவுக்கு வந்தது. குறைவதைவிடக் கூடட்டும் என்று அகலமாக, நாலு விரல் தள்ளி, தலையைச் சுற்றி இலைகளோடு சேர்த்து அறுத்து எடுத்தாள். செங்கோடனை அதன் பாதத்தின்மேல் பாதம் வைத்து நிற்கச் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஈரத்துணி காலில் ஒட்டுகிற மாதிரி நிழல் ஒட்டியது, மடக்கின முட்டியை நீட்டியது, தலைக்கடியிலிருந்து கையை எடுத்துத் தொங்கவிட்டது, குறட்டை நின்றது. செங்கோடனின் மார்புக்குப் பின்னால் மேய்ந்த ஆடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவன் வாயைத் திறந்து கொட்டாவி விட்டான், நின்றபடியே தூங்கிப்போனான், சடையப்பனும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டார்கள்.

அன்றிலிருந்து செங்கோடன் நடந்தால் அவன் நிழலின் காதோரத்தில் நாலைந்து புங்க இலைகளும் நடக்கும், காற்றடித்தால் ஆடும். அவன் பக்கத்தில் நின்றால் சற்றுக் குளுமையாக இருக்கும், ஆடுகள் அவனைவிட்டு நகர்வதில்லை. ஊர் அதற்கும் பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, அதன் பயனையும் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாம் வீட்டு மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை தூங்குவதே இல்லையாம்.

"அத்தே, மாமாவோட நெழலு அப்படித் தூங்குதாம்ல. ஒரு சாண் மட்டும் அறுத்துத் தந்தீங்கன்னா தொட்டில்ல போட்டுக்குவேன். அவருக்குத்தான் ஓரத்துல மிச்சம் இருக்குதே."

அவள் நல்ல பெண், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அதனால்தான் அங்காயி பயந்தாள். இன்றைக்கு ஒரு சாண் கேட்கிறவள் நல்லவள். நாளைக்கு ஓடத் தெரிந்தவன் நிழலை ஓட்டப்பந்தயத்துக்குக் கேட்பார்கள், சிரிக்கத் தெரிந்தவள் நிழலைக் கல்யாண வீட்டுக்குக் கேட்பார்கள், கேட்காமலே தூங்குகிறவனிடம் அறுத்துக்கொள்வார்கள். அரிவாள் அவள் கையில் இருக்கிறவரைக்கும்தான் அது அவள் அரிவாள்.

அடுத்தமுறை ஜெயசீலன் வந்தபோது இந்தக் கல்லை எப்படி ஒழிப்பது என்று கேட்டாள். அவர் சிரித்தார். "தீயில போட்டா இன்னும் நல்லாச் செவக்கும். அரம் போட்டா அரந்தான் தேயும். சுத்தியல்ல அடிச்சா பிஸ்கட்டு மாதிரிப் படலமா உடையும், ஆனா ஒவ்வொரு துண்டும் தீட்டுமே. பொதைச்சா ஆராச்சும் தோண்டுவாங்க. வைரத்தை உட்டா இதைத் தேய்க்க இது ஒண்ணாலதாங்க முடியும்."

அங்காயி கல்லைச் சுத்தியலால் அடித்து இரண்டாக்கினாள். ஒன்றைத் தரையில் வைத்து இன்னொன்றால் தேய்த்தாள். நாளெல்லாம் தேய்த்தால் ஒரு சிட்டிகை பொடி விழுந்தது. கை கொப்புளித்தது. செய்தி பரவி ஊர் வந்து திட்டியது. பஸ் நிறுத்தத்துக்கு யார் பதில் சொல்வது என்றார் தலைவர், கோழிகளெல்லாம் சாகட்டுமா என்றார் பண்ணைக்காரர். யாருக்கும் அவள் சரியாகப் பதில் சொல்லவில்லை, சொன்னால் தப்பாகத்தான் வரும் என்று தெரியும், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேய்த்தாள். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினவள் பெருமாயி. திட்டிக்கொண்டே வேலியைத் தாண்டி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அறிவுகெட்டவளே, ஒத்தைக் கையில தேச்சா எப்பத் தேயும்? அடிக்கல்ல நான் புடிச்சுக்கறேன், நீ சுத்து. எம்மாட்டுக்கொட்டாய் போச்சு, ஓடு ஆரு வாங்கித் தருவா? உம்புருசனா?"

"வாங்கித் தரச் சொல்றேங்க்கா."

"கிழிச்சான். சுத்து, சுத்து."

சிவப்புக் கல்லிலிருந்து விழுந்த பொடி சிவப்பாக இல்லை, அரிசிமாவு மாதிரி வெள்ளையாக இருந்தது. "அப்ப அந்தச் செவப்பு எங்க போச்சு?" என்று பெருமாயி கேட்டாள். அங்காயியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள், கல்லைத் தூக்கி வெயிலில் பார்த்தாள், பொடியைத் தூக்கி வெயிலில் பார்த்தாள், இருவரும் மாறிமாறிப் பார்த்தார்கள், தெரியவில்லை. ஆடி பிறப்பதற்குள் இரண்டு துண்டும் தீர்ந்துபோயின. பொடியை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் வெள்ளைப் பாறைக் காட்டில் தூவினாள், ஆடிக்காற்று அதை எங்கும் ஒரே மாதிரியாகப் பரப்பியது, எது மண் எது கல் என்று யாராலும் இனிப் பொறுக்க முடியாது. அரிவாளைத் தண்ணீர் நின்ற பழைய கல்குழியில் போட்டாள். ஊரில் இருந்த நிழல்களெல்லாம் ஒவ்வொன்றாக நூல் பிரிந்துபோயின, பஸ் நிறுத்தத்தில் நாலு கம்பு மட்டும் நின்றது.

சந்தையில் புது அரிவாள் வாங்கினாள், சாதாரண சாணைக்கல் வாங்கினாள், தீட்டினாள், வேப்ப நிழலின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மண்தான் கீறியது. ஆனாலும் அவள் மனம் அடங்கவில்லை. காட்டில் சிவப்புக் கல் இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அரிவாள்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன, எந்தக் கல்லுக்கு அந்தக் குணம் என்று யாருக்குத் தெரியும். அதனால் கடைசியில் அவளால் முடிந்த ஒன்றைச் செய்தாள், இன்றுவரை அதைத்தான் செய்கிறாள்: தட்டு அறுக்கப் போனாலும் சரி, கீரை அரியப் போனாலும் சரி, கையில் அரிவாளை எடுத்தவுடன் வாசலுக்கு வந்து, ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று, காடு கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறாள்.

"ஏனுங்க! எங்க இருக்கறீங்க?"

பதில் வரும்வரைக்கும் அரிவாளைத் தாழ்த்துவதில்லை. சிலநாள் உடனே வரும். சிலநாள் தாமதமாகும், அவளுக்கு வியர்த்துவிடும். பிறகு எங்கோ ஒரு மரத்தடியிலிருந்து, தூக்கம் கலைந்த கோபத்தோடு, கரகரவென்று வரும்.

"எந்திரிச்சு வெயிலுக்கு வந்துட்டேன் புள்ளே, அறு!"